சூரைச்செடியின் கீழே



இந்த வாரச் சிந்தனை இரண்டு வாரம் தாமதமாக உங்களிடம் வருகிறது. ஆயருக்கு வைரஸ் காய்ச்சல் என்று ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது பாதி உண்மை. மீதியை நானே எழுதுவதுதான் முறை.

கிறிஸ்துமஸுக்குப் பின் வந்த ஞாயிறன்று டிரையத்லான் போட்டியைப் பற்றிப் பிரசங்கித்தேன். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் செய்து முடிப்பது அது. தார்ச்சாலையை விட்டுக் காட்டுப்பாதையில் நடத்தப்படுவது அதன் கடினமான வடிவம். எக்ஸ்டெரா என்ற பெயரில் அறியப்படும் அவ்வகைப் போட்டி 1996ஆம் ஆண்டு ஹவாயின் மவுயி தீவில் தொடங்கியது. ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம் என்பது அதன் அளவு. மேல்விஷாரத்தில் விடியற்காலையில் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் சிலர், அதில் பாதிக்கும் குறைவான அளவில் எங்களுக்குள்ளேயே ஒன்றை நடத்தத் தீர்மானித்தோம். ஏரியில் 500 மீட்டர், ஏரிக்கரையிலும் தோப்புகளின் வழியாகவும் 14 கிலோமீட்டர், கடைசியாகப் பாலாற்று மணலில் 5 கிலோமீட்டர். நண்பர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியச் சகோதரர்கள். ஐம்பது வயதைக் கடந்தவன் நான் ஒருவனே. இதையும் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லிக்கொண்டேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

அன்றைய தியானப் பகுதி எபிரெயர் 12ஆம் அதிகாரம். உதாரணத்திற்கு லெஸ்லி பேட்டர்சன் என்ற ஸ்காட்லாந்து வீராங்கனையை எடுத்துக்கொண்டேன். உண்ணி கடிப்பதால் பரவும் லைம் என்னும் நோயோடு நெடுங்காலம் போராடியவர். 2011, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் எக்ஸ்டெரா உலகப் பட்டத்தை வென்றவர். அவருடைய கதையைச் சொல்லிவிட்டு, வியாதி ஒரு சாக்காக இருக்கக் கூடாது என்றேன். அப்படிச் சொன்னபோது என் பார்வை ஒரு வரிசையில் காலியாயிருந்த ஓர் இடத்தில் போய் நின்றது.

அந்த இடத்தில் உட்காருகிற சகோதரர் தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர். நாள் முழுவதும் ஈரத்தில் நிற்கிற வேலை. சில மாதங்களாக இருமலும் இடுப்பு வலியும் அவரை விடவில்லை. ஆராதனைக்கு வருவதும் குறைந்திருந்தது. அதற்கு முந்தின மாதம் ஆலய வாசலில் அவரை நிறுத்தி, மனமிருந்தால் வரலாம் என்று சொல்லியிருந்தேன். அவர் தலையைக் குனிந்தபடி, “சரிங்க ஐயா” என்றார். கடிந்துகொண்டது வேலை செய்ததாக நான் எண்ணிக்கொண்டேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாக எனக்குத் தொண்டை கரகரத்தது; மறுநாள் உடம்பெல்லாம் வலித்தது. சனிக்கிழமை விடியற்காலையில் என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தபோது, தூக்கம் போதவில்லை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு பாராசிட்டமால் மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் புறப்பட்டேன். பீடத்தில் நின்று அறிவித்தாயிற்று. எப்படிப் பின்வாங்குவது?

தை மாதத்து ஏரித் தண்ணீர் எலும்பைத் துளைத்தது. நீந்தி முடித்துக் கரையேறியபோது குளிரால் நடுங்குகிறேனா காய்ச்சலால் நடுங்குகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சீமைக்கருவேல முள் டயரில் ஏறாமல் ஓட்டுவதே அந்தக் கரையில் பெரும்பாடு. அன்று எனக்குப் பாதை இரண்டிரண்டாய்த் தெரிந்தது. தென்னந்தோப்பின் ஓரத்தில் இறங்கி வாந்தியெடுத்தேன். என்னைக் கடந்துபோன இளைஞன் ஒருவன் நின்று விசாரித்தான். வண்டிச் சங்கிலி கழன்றுவிட்டது என்று அவனிடம் பொய் சொன்னேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

பிறகு பாலாறு. 1996 ஆகஸ்டு மாதத்தில், தோல் ஆலைக் கழிவுகளைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்ற ஆறு. மேலே மணல், கீழே ஊற்று என்று இதை வைத்து எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். அன்று அந்த மணல் வெறும் மணலாகவே இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால்வரை உள்வாங்கிற்று. வாலிபர் கூடுகையில் நான் போட்டுக் காட்டிய காணொளி ஒன்று மட்டும் மனதில் ஓடியது. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கொசுமெலில் நடந்த டிரையத்லானில், முடிவுக்கோட்டுக்குச் சிறிது தூரமே இருக்கையில் ஜானி பிரவுன்லீ வெயிலில் நிலைகுலைந்து தள்ளாடுகிறார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், தம்பியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, அவரைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டுத் தான் மூன்றாவதாக வருகிறார். அந்த அண்ணனைப் போல இருங்கள் என்று வாலிபருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தம்பியின் கால்கள் எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு புங்கமரத்தடியில் தண்ணீர் கொடுக்கும் இடம் இருந்தது. அங்கே நின்றிருந்தவர் அந்தத் தோல் ஷாப்புச் சகோதரர். அவருடைய மேற்பார்வையாளரும் போட்டியில் இருந்தார். அவர் கேட்டுக்கொண்டதால் இரவு வேலை முடிந்த கையோடு வந்திருக்கிறார். தம்ளரை என் கையில் கொடுத்தவர், விரல்கள் பட்டதும் என் முகத்தைப் பார்த்தார்.

“ஐயா, உடம்பு அனலாக் கொதிக்குதே. உட்காருங்க.”

“இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான். முடித்துவிடுகிறேன்.”

“அது எங்கேயும் போயிடாதுங்க ஐயா. முதல்ல உட்காருங்க.”

உட்கார்ந்தேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடிக்கச் செய்தார். தம் துண்டை மணலில் விரித்தார். ஏன் ஓடினேன் என்றோ, ஏன் மறைத்தேன் என்றோ அவர் கேட்கவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கண்விழித்தபோது நிழல் நகர்ந்திருந்தது. அவரும் வெயில் என்மேல் படாதபடி இடம் மாறி உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

எலியாவைப் பற்றி நான் பலமுறை பிரசங்கித்தவன். கர்மேல் பர்வதத்தின் அக்கினியிலிருந்து நேரே ஓரேபின் மெல்லிய சத்தத்திற்குப் போய்விடுவேன். இடையில் உள்ள சூரைச்செடியை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவேன். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். களைத்து, சாக விரும்பிய தீர்க்கதரிசியைத் தூதன் தொட்டு எழுப்புகிறான். அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். அதற்காக அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை. தூதன் இரண்டாந்தரமும் வந்து போஜனமே கொடுக்கிறான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான் வருகிறது. செடியின் கீழே கேள்வியே இல்லை. நானோ இந்தச் சகோதரரிடத்தில் கேள்வியோடு முதலில் போனவன்.

மீதி இரண்டு கிலோமீட்டரையும் இருவரும் நடந்தோம். ஓடும்படி நானும் கேட்கவில்லை, அவரும் விட்டிருக்கமாட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கயிற்றைக் கழற்றிச் சுருட்டிவிட்டிருந்தார்கள். முடித்தவர்களின் பட்டியலில் என் பெயர் இல்லை.

மருத்துவர் சலிப்போடு திட்டினார். வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக உடலை வருத்தினால் இதயத் தசையிலேயே அழற்சி உண்டாகலாம் என்றும், மாத்திரை சூட்டைக் குறைக்குமே தவிர நோயை எடுத்துவிடாது என்றும் சொன்னார். இசிஜி எடுத்துப் பார்த்தார். கர்த்தருடைய கிருபையால் பழுதில்லை. உங்களில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கும் விளையாட்டுக்கும் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கூலி போய்விடுமே என்று மறைக்கிறவர்கள் அநேகர் உண்டென்றும், அவர்களுக்கு என் எச்சரிப்பு மட்டும் போதாதென்றும் அறிவேன். இதைச் சபைக் கமிட்டியில் பேச எழுதி வைத்திருக்கிறேன்.

லெஸ்லி பேட்டர்சனின் கதை உண்மைதான். ஆனால் வியாதியோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் காதில் அதை நான் சொன்ன விதம் தவறு. அன்று ஆலயத்தில் எத்தனை பேர் நோயோடு இருந்தீர்களோ, உங்கள் எல்லாரிடத்திலும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் சகோதரரிடத்தில் நேரில் கேட்க வேண்டியிருந்தது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு புதன்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தார். திறந்திருந்த கதவின் வழியே அவருடைய மூச்சின் கரகரப்புக் கேட்டது. அவர் மனைவி பதறி, எழுப்பட்டுமா ஐயா என்று கேட்டார்கள்.

வேண்டாம் அம்மா, தூங்கட்டும் என்று சொல்லி, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எழுந்து வரும்போது பதினொரு மணியாயிற்று.