நூறு மீட்டர்

நமீபியாவில் பாதையை விட்டு வண்டியை இறக்கச் சொன்னது நான்தான். ஓட்டுநர் தானாக இறக்கவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் அன்று சொல்லாததால் இங்கே முதலிலேயே சொல்கிறேன்.

அதற்கு முன் சோசஸ்ஃப்லேயின் செம்மணல் குன்றுகளைப் பார்த்தோம். டெட்ஃப்லேயின் வெளுத்த களிமண் தரையில் பல நூற்றாண்டுகளாகப் பட்டுப்போய் நிற்கும் மரங்களையும் பார்த்தோம். நான் எடுத்த படங்களில் எல்லாம் யாரோ ஒருவரின் காலடி இருந்தது. எவரும் மிதிக்காத நிலம் ஒன்று எனக்கு வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

ஸ்வகோப்மண்டுக்கு வடக்கே, சரளைச் சமவெளி. ஓட்டுநர் இறங்கி, சருகுபோல் கிடந்த ஒன்றின்மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டார். அது மெல்ல விரிந்து பச்சையானது. லைக்கன். நாம் குழம்பில் போடும் கல்பாசியின் இனம். ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத அந்த இடத்தில், கடல் மூடுபனியின் ஈரத்தைக் குடித்தே உயிர் வாழ்கிறது. ஒரு முறை சக்கரம் ஏறினால் அந்தத் தடம் பல பத்தாண்டுகள் மறையாது என்றார். நான் தலையாட்டினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அரை மணி கழித்துத் தொலைவில் ஒரு மேட்டில் வெயில் விழுந்தது. நூறு மீட்டர்தான், போங்கள் என்றேன். அவர் மறுத்தார். இது 2010 முதல் தேசியப் பூங்கா, பாதையை விட்டு இறங்கக்கூடாது என்றார். நான் கொடுக்கும் பணத்துக்கு இதுகூடச் செய்ய மாட்டீர்களா என்று கேட்டேன். உங்கள் முதலாளியிடம் பேசவேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். சக்கரத்துக்கு அடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது பாதையில் ஒரு காவலர் நின்றிருந்தார். யார் சொல்லி இறக்கினாய் என்று ஓட்டுநரைக் கேட்டார். ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அயல்நாட்டில் வழக்கு வந்துவிடுமோ என்ற பயம். வெறும் பயம்தான், வேறு காரணம் இல்லை. அபராதத்தை அவரே கட்டினார். ஊர்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் வேறு ஓட்டுநர் வந்தார். முந்தையவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள். பயணத்தின் முதல் நாளே படம் காட்டியிருந்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கொஞ்சம் பணத்தை உறையில் போட்டு, அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்று கொடுத்தேன். சேர்ந்ததா என்று இன்றுவரை விசாரிக்கவில்லை.

அந்த நிறுவனத்தின் முகவரி என்னிடம் இருக்கிறது. 'நான்தான் இறக்கச் சொன்னேன்'. மூன்றே சொற்கள். இன்னும் அனுப்பவில்லை.