சபையைப் பாடவைப்பவர்

தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்ச் சபைகளில் ஆராதனை இசைக்குப் பொறுப்பேற்றிருப்பவர் ஏடுகளில் 'பாடகர் குழுத் தலைவர்' என்று குறிக்கப்படினும், சபையாரின் பேச்சில் அவர் 'குவயர் மாஸ்டர்' ஆகவும், இசைக்கருவியையும் தாமே வாசிப்பவராயின் 'ஆர்கனிஸ்ட்' ஆகவுமே அறியப்படுகிறார். அவருடைய பணி பாடுவதோ வாசிப்பதோ அன்று. இசைப் பயிற்சி சிறிதும் இல்லாத சில நூறு குரல்களை, ஞாயிறுதோறும் ஒரே சுருதியிலும் ஒரே காலத்திலும் பாடவைப்பதே அது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலுள்ள சபைகளின் பாடற்பயிற்சியை அருகிருந்து காண்போருக்கு முதலில் புலப்படுவது, குருவானவரின் பிரசங்கத்துக்கு இணையான முன்தயாரிப்பைக் கோரும் இவ்வேலை சபையின் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாமலே நடந்தேறுகிறது என்பதுதான்.

இப்பணியை மற்ற நாடுகளின் ஆலய இசைப்பணியிலிருந்து வேறுபடுத்துவது, ஒரே ஆராதனைக்குள் இரண்டு இசைமரபுகளை அவர் கையாள வேண்டியிருப்பதாகும். முதலாவது பாமாலை எனப்படும் மொழிபெயர்ப்புப் பாடல். 1706இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் வந்திறங்கிய பின் ஜெர்மானியத் திருச்சபைப் பாடல்கள் தமிழாக்கப்பட்டு, அதே நூற்றாண்டில் பப்ரிசியுஸ் போன்ற மிஷனரிகளால் செப்பம் பெற்று, பின்னர் ஆங்கிலப் பாடல்களும் சேர்ந்து, மேனாட்டு மெட்டுகளிலேயே இன்றளவும் பாடப்பட்டு வருகின்றன. இரண்டாவது கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கருநாடக இசை அமைப்பில், இராகமும் தாளமும் வகுக்கப்பட்டு, தமிழிலேயே பிறந்த பாடல் அது. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் நட்பைப் பெற்ற வேதநாயகம் சாஸ்திரியார் இம்மரபின் தலைமகன். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டதன் வழியாக, வீடுகளிலும் வீதிகளிலும் வழங்கிய இப்பாடல்கள் ஆலய ஆராதனைக்குள் நிலையான இடம் பெற்றன. பிற்காலத்தில் கன்வென்ஷன் எனப்படும் நற்செய்திக் கூட்டங்களின் பாடல்களும் திரைமெட்டின் சாயல் கொண்ட புதுப்பாடல்களும் வந்து சேர்ந்தாலும், ஒரு குவயர் மாஸ்டரின் தேர்ச்சி இன்றும் பாமாலை, கீர்த்தனை ஆகிய இரண்டிலுமே அளக்கப்படுகிறது.

பாமாலைக்கான பயிற்சி பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில் ஆலயத்திலோ பள்ளி அறையிலோ நடைபெறுகிறது. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என மேலிருந்து கீழாக அமையும் நான்கு குரல்வரிசைகளை ஒருங்கே பாடுவதைக் குழுவினர் 'பார்ட்ஸ்' என்பர். பழைய குழுக்களில் இவ்வரிசைகள் ஐந்து கோட்டு இசைக்குறிப்பில் அல்லாமல், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய டானிக் சோல்ஃபா முறையில் எழுதப்பட்டிருக்கக் காணலாம். டோ, ரே, மீ என்னும் சுரப்பெயர்களின் முதலெழுத்துகள் பாடல் எழுத்துகளுக்கு மேல் வரிசையாக நிற்க, இரட்டைப்புள்ளி தாள அடியையும் சிறுகோடு நீட்டத்தையும் காட்டுகின்றன. இம்முறையில் 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கும். தமிழ்ப் பாடகர் தம் குரலுக்கேற்ற இடத்தில் ஆதார ஷட்ஜத்தை வைத்துக்கொள்ளும் வழக்கமும் இதுவே ஆதலால், அந்நிய முறை என்ற உணர்வே இன்றி அது கிராமச் சபைகளிலும் வேரூன்ற முடிந்தது எனலாம்.

பயிற்சியின் நடைமுறை பொறுமையைச் சோதிப்பது. பேஸ் வரிசையிலுள்ள நால்வருக்கு அவர்களுடைய சுரங்களைத் தனியே பாடிக்காட்டி, அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டதும் டெனரைச் சேர்த்து, இரண்டும் ஒன்றையொன்று இழுக்காமல் நிற்கின்றனவா என்று கேட்டு, பிறகே ஆல்டோவுக்கு அவர் திரும்புகிறார். ஆல்டோ பாடும் பெண்கள் தம்மை அறியாமலே மேலே கேட்கும் முதன்மை மெட்டுக்குத் தாவிவிடுவது எங்கும் காணப்படும் இடர். அதற்கு மருந்தாகச் சொப்ரானோக்களை வாய்மூடி முனங்கச் சொல்லி, ஆல்டோவை மட்டும் சொற்களோடு பாடவைப்பதும், அவ்வரிசையின் சுரத்தை ஆர்மோனியத்தில் ஒற்றைக் கட்டையால் தொட்டுக் காட்டிக்கொண்டேயிருப்பதும் அவர் கையாளும் வழிகள். ஒரு பாடலின் நான்கு அடிகளுக்கு ஒரு மாலை முழுவதும் சென்றுவிடுவதுண்டு.

இதைவிட நுட்பமானது தமிழ் எழுத்தின் மாத்திரை பற்றிய சிக்கல். மேனாட்டு மெட்டு எங்கே நீள வேண்டும், எங்கே அழுந்த வேண்டும் என்பது மூலப்பாடல் மொழியின் அசையழுத்தத்தை ஒட்டி அமைந்தது. தமிழிலோ ஒரு மாத்திரைக் குறிலும் இரு மாத்திரை நெடிலும் பொருளையே வேறுபடுத்துவன. மொழிபெயர்ப்பாளர் அசை எண்ணிக்கையைப் பொருத்திவிட்டாலும், மெட்டின் நீண்ட சுரத்தின்கீழ்க் குறில் வந்து விழுமிடங்களைத் தவிர்க்க முடிவதில்லை. அங்கே கவனமின்றி இழுத்துப் பாடினால் 'பலன்' என்பது கேட்போர் செவியில் 'பாலன்' ஆகிவிடும். தேர்ந்த குவயர் மாஸ்டர் இவ்விடங்களைப் பாட்டுப்புத்தகத்தில் பென்சிலால் குறித்துவைத்து, குறிலின்மேல் நிற்காமல் அடுத்து வரும் மெய்யெழுத்திலோ நெடிலிலோ நீட்டத்தை ஏற்றச் சொல்லித் தருகிறார். 'ன்', 'ம்', 'ல்' போன்ற மெய்களில் ஒலியை நிறுத்தும் வழக்கம் மேனாட்டுக் குரற்பயிற்சிக்கு அவ்வளவாக உடன்பாடானது அன்று; ஆயினும் தமிழ் புரியும்படி பாட வேண்டுமாயின் இதைத் தவிர வேறு வழி இல்லை. எந்த நூலிலும் எழுதிவைக்கப்படாமல், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் காதுவழியே சென்றுவரும் இவ்வறிவே இத்தொழிலின் உயிர்நிலை என்று துணிந்து கூறலாம்.

கீர்த்தனையில் இச்சிக்கல் இல்லை. ஆனால் வேறொன்று உண்டு. பாட்டுப்புத்தகம் பாடலின் தலைப்பில் சங்கராபரணம், செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி என்று இராகத்தையும், ஆதி, சாபு என்று தாளத்தையும் மட்டுமே அச்சிட்டுக் காட்டும். மெட்டு வாய்வழியாகவே வாழ்கிறது. ஆகவே ஒரே கீர்த்தனை பாளையங்கோட்டையில் ஒரு விதமாகவும் நாகர்கோவிலில் வேறு விதமாகவும் பாடப்படுவது இயல்பு. திருமணமாகி வேற்றூர் வந்த பெண்கள் பிறந்த ஊரின் சங்கதிகளை, அதாவது மெட்டின் சிறு மாறுபாடுகளை, தம்மோடு கொண்டுவருவர். அவற்றையெல்லாம் அடக்கிவிடாமல், சபை முழுவதும் சேர்ந்து பாடத்தக்க எளிய வடிவம் ஒன்றை நிலைநிறுத்துவது குவயர் மாஸ்டரின் பொறுப்பாகிறது. கமகம் எனப்படும் சுர அசைவு ஆர்மோனியக் கட்டைகளுக்கு எட்டாதது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அக்கருவியை விலக்கிவைத்திருந்ததற்கும் இக்குறையே முதன்மையாகச் சொல்லப்பட்டது. எனவே கீர்த்தனை பாடும்போது கருவியைச் சுருதிக்கும் மெட்டின் எலும்புக்கும் மட்டும் நிறுத்திக்கொண்டு, அசைவைத் தம் குரலால் சபைக்குக் காட்டுபவரே நன்கு பாடவைக்கிறார்.

இவ்விரு மரபுகளுக்கும் வெளியே நின்றவர்களையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பயிற்றுவித்த தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை அண்ணன்' என்று பரவலாக அறியப்பட்டவர், மேனாட்டுப் பாமாலையும் கருநாடகக் கீர்த்தனையும் கிராமத்துத் தலித் மக்களின் இசை அல்ல என்று வாதிட்டு, நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனை முறைமையையே அமைத்தார். ஒரே உலையில் பொங்கிய சோற்றைப் பகிர்ந்துண்பதைத் தம் இறையியலின் மையமாகக் கொண்ட அவர், பாடலையும் அவ்வாறே பொதுவில் வைத்து, பாடும் மக்களே அதை மாற்றிக்கொள்ள இடம் தந்தார். 2005இல் அவர் மறைந்தபின்னும் அவர் எழுப்பிய கேள்வி தணிந்துவிடவில்லை. அம்மக்களின் இசைக்கருவியான பறையை ஆலயத்துக்குள் ஏற்கத் தயங்கும் சபைகள் இன்னும் இருப்பது வருந்தத்தக்கது.

குவயர் மாஸ்டரின் ஆண்டு, திருச்சபை ஆண்டையே பின்பற்றிச் செல்கிறது. கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தில் தொடங்கி, கேரல் பவனியில் இரவு முழுவதும் வீடுவீடாகப் பாடி, தொண்டை கட்டிய நிலையிலேயே கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு வந்து நிற்கும் குழுவை அவர் தாங்கிச் செல்ல வேண்டும்; விடியலில் எவர் குரலும் மேலேறாது என்பதை அறிந்து, வழக்கமான சுருதியிலிருந்து ஒரு கட்டை இறக்கியே பாட்டைத் தொடங்குவார். லெந்து எனப்படும் தவக்காலம், பெரிய வெள்ளியின் மும்மணி நேர ஆராதனை, ஈஸ்டர் அதிகாலை, அறுப்பின் பண்டிகை என ஒன்றன்பின் ஒன்றாக வருவன ஒருபுறமிருக்க, திருமணமும் அடக்க ஆராதனையும் நாள்குறிப்பில் அடங்காதவை. கல்லறைத் தோட்டத்தை நோக்கி நடந்துகொண்டே பாடும் பாட்டுக்குக் கருவித்துணை இல்லை. அழுகையால் உடைந்த குரல்களும் நடையால் இளைத்த மூச்சும் தாங்கத்தக்க சுருதியை, வெட்டவெளியில், தம் தொண்டையிலிருந்தே அவர் எடுத்துக் கொடுக்கிறார். பெற்றோரை இழந்த வீட்டார் பல ஆண்டுகள் கழித்தும் அன்று பாடிய பாட்டைச் சொல்லி அவருக்கு நன்றி கூறுவதுண்டு. இவ்வுழைப்புக்கு அவர் பெறும் மெய்யான கூலி இதுவே.

பணமாக அவர் பெறுவது சொற்பம். பெரும்பாலான சபைகளில் இது ஊதியமற்ற ஊழியமாகவோ சிறு மதிப்பூதியத்துக்கான பகுதிநேர வேலையாகவோதான் இருக்கிறது. ஆசிரியராகவோ அலுவலகப் பணியாளராகவோ வாரமெல்லாம் உழைத்துவிட்டு, வார இறுதியை முழுமையாகப் பயிற்சிக்குக் கொடுப்பவர்களே இதைத் தாங்கி நிற்கின்றனர். அழைப்பு என்று அவர்கள் இதைச் சொல்வது வெறும் சொல்லன்று. ஆயினும் அழைப்பின் பெயரால் பயிற்சியையும் மதிப்பையும் மறுப்பது நேர்மையாகாது. தாளத்தைத் தானே தட்டும் கீபோர்டும், பாடல் வரிகளைக் காட்டும் திரையும், ஒலிபெருக்கியின்முன் நிற்கும் நான்கைந்து பாடகரும் வந்தபின், சாபு தாளக் கீர்த்தனைகள் கருவியில் ஆயத்தமாக உள்ள தாளத்துக்குள் நெருக்கப்படுவதும், நான்கு குரல் பயிற்சி கைவிடப்படுவதும், சபையார் பாடுவதை விட்டுக் கேட்போராக மாறுவதும் பல ஆலயங்களில் கண்கூடு. கருவிகளைக் குறைசொல்வதில் பயனில்லை. அவற்றை ஆளத் தெரிந்த ஒருவரை உருவாக்காததே குறை.

ஆகவே ஒவ்வொரு சேகரமும், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியும், ஆலயங்களை அழகுபடுத்தச் செலவிடும் தொகையில் ஒரு பங்கையாவது இளையோர் இருவருக்குக் கீர்த்தனை இராகங்களையும் நான்கு குரல் பயிற்சியையும் முறையாகக் கற்பிக்க ஒதுக்க வேண்டும். முதிய குவயர் மாஸ்டர்கள் வாய்வழியே காத்துவரும் மெட்டுகளையும், பாட்டுப்புத்தகங்களில் அவர்கள் பென்சிலால் இட்ட குறிப்புகளையும், அவர்கள் உயிரோடிருக்கும்போதே பதிவுசெய்துகொள்ள வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கைபேசியும், அவர்களுடைய சனிக்கிழமைப் பயிற்சிக்கு வந்து உட்காரும் மனமும் போதும்.