இழுத்தால் பலம் வருமா?



காலியான பால் கவரில் ஒரு விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். நடுவில் ஒல்லியாகும். உடனே அறுந்துபோகும் என்று நினைப்போம். அறாது! ஒல்லியான பகுதி நீண்டுகொண்டே போகும். அப்புறம் கெட்டியாக நிற்கும்.

இது ஏன்? பிளாஸ்டிக் மிக நீளமான மூலக்கூறுகளால் ஆனது. அவை சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி சுருண்டு கிடக்கும். இழுத்தால், சீப்பு போட்டு வாரியது போல ஒரே திசையில் வரிசையாகிவிடும். அப்போது பாரத்தை எல்லாம் சேர்ந்து தாங்கும்.

1930-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஜூலியன் ஹில் என்ற விஞ்ஞானி, பாலியஸ்டர் நூலை ஆறிய பிறகும் இழுத்தால் பலமாவதைக் கண்டார். அவர் இருந்த கரோதர்ஸ் குழுவில்தான் 1935-ல் நைலான் உருவானது. நம்ம வீட்டு உரச்சாக்கின் நாடாவும் பிளாஸ்டிக் கயிறும் இப்படிப் பல மடங்கு இழுத்துச் செய்தவையே.

ஆனால் ஒரு குறை உண்டு. நீளவாக்கில்தான் பலம், குறுக்கே பலம் இல்லை. சாக்கு நாடாவை நகத்தால் கீறினால் வாழைநார் மாதிரி நாராகப் பிரியும்.

இன்னொரு எதிரி வெயில். அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். துண்டான பிறகு வரிசையாக நின்று என்ன பயன்?

சேர்வராயன் மலை எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி, அதைக் கயிற்றால் மரத்தோடு கட்டித்தான் மிளகு பறிக்க ஏறுவாங்க. எங்க அப்பாவும் ஏறுவார். எங்க தெரு அண்ணன் ஒருத்தர் கயிறு அறுந்து விழுந்து ஆறு மாசம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்தக் கயிறு ஒரு வருஷம் கூரை மேலேயே வெயிலில் கிடந்ததாம். "கயிறு தடிமனாத்தானே இருந்துச்சு"ன்னு எல்லாரும் சொன்னாங்க. தடிமன் இருந்தது, உள்ளே பலம் இல்லை.

எனவே நண்பர்களே, வீட்டுக் கயிற்றை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நிறம் வெளுத்திருக்கா? முறுக்கினால் தூள் உதிருதா? மேலே சிலும்பி நிற்குதா? அப்படியென்றால் அது விறகு கட்டக்கூட ஆகாது, ஆள் ஏறும் ஏணிக்கு வேண்டவே வேண்டாம். நல்ல கயிற்றை நிழலில் மாட்டி வையுங்கள். நான் இதைச் சொன்னதிலிருந்து எங்க அப்பா முறுக்கிப் பார்த்துட்டுத்தான் ஏணியைக் கட்டுறார்.

அறிவியல் புத்தகத்தில் மட்டும் இல்லை, கயிற்றிலும் இருக்கிறது!

- 9-ஆம் வகுப்பு மாணவி, அடிவாரம்