இருபது நொடி வீரன்

போன மாசம் லீவில் மண்டபத்தூர் வந்து, பேன்ட்டைக் கழற்றிக் கைலிக்கு மாறினேன். ஆடுசதையில் ஒற்றை ரூபாய் அகலத்துக்கு ஒரு நீலக் கன்றல். அம்மா பார்த்துவிட்டாள். "யாருடா அடிச்சது?"

"ஆபீஸ்ல விளையாட்டும்மா. பெயின்ட்பால். துப்பாக்கியில சாயக் குண்டு போட்டுச் சுடுவாங்க. மேல பட்டு உடைஞ்சா அவுட்."

வாசலில் உட்கார்ந்து வீச்சு வலையில் ஈயக் குண்டு கோத்துக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே கேட்டார்: "சுட்டவன் காசு குடுத்தானா?"

"இல்லப்பா, நாமதான் குடுக்கணும்."

அப்பா ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ஈயத்துக்குப் போய்விட்டார்.

நடந்தது இதுதான் சார். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் ஒரு மைதானம். இரண்டு வகைத் துப்பாக்கி (அதை 'மார்க்கர்' என்று சொன்னால்தான் அங்கே மரியாதை). ஒன்று, விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு. இன்னொன்று பேட்டரி போட்டது, நொடிக்குப் பத்துக் குண்டு துப்பும். வாடகை ஜாஸ்தி, குண்டுக்குத் தனிக் காசு. நான் எதை எடுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

எதிரணியில் எங்கள் கணக்குப் பிரிவு அண்ணன். ஐம்பது வயசு, மூக்குக் கண்ணாடி, லேசான தொப்பை. சாதாரணத் துப்பாக்கியும் இருபதே இருபது குண்டும் வாங்கினார். "அண்ணே, இதுல கொசுகூடச் சாகாது" என்றேன். சிரித்தார்.

விசில் ஊதினார்கள். என் துப்பாக்கி மேலிருந்த டப்பாவில் 200 குண்டு. நொடிக்குப் பத்து என்றால் இருபது நொடியில் காலி. இந்தக் கணக்கை நான் போட்டது இருபத்தோராவது நொடியில்!

நடுவில் இன்னொரு கூத்து. சாயக் குண்டின் தோல் ஜெலட்டின். நாம் விழுங்கும் கேப்ஸ்யூல் மாத்திரைத் தோல்தான். ஈரக் காற்றில் கிடந்தால் ஊறிப் பருத்துவிடும். கடற்காற்றில் ஊறிய குண்டு ஒன்று குழலுக்குள்ளேயே உடைந்தது. பின்னால் வந்ததெல்லாம் அந்தச் சாயத்தில் வழுக்கி, இஷ்டத்துக்கு வளைந்து போயின. அதில் ஒன்றுதான் சரியாகப் பட்டது. எங்கள் மேனேஜர் மேல். அவர் என் அணி. அதுவும் இன்க்ரிமென்ட் மாசம்!

காலி டப்பாவோடு டயர் அடுக்குக்குப் பின்னால் குந்தியிருந்தேன். காலில் 'பொட்'! திரும்பினால் அண்ணன். "ஸாரி தம்பி, சத்தம் நின்னுச்சு, எழுந்து வந்தேன்" என்றார். அவரிடம் இன்னும் பதினேழு குண்டு மிச்சம்.

அவமானம் தாங்காமல் விஷயத்தைத் தேடிப் படித்தேன். சரமாரியாகச் சுடுவதில் பிரயோஜனம் இல்லாமலில்லை. எதிரி தலை தூக்க முடியாதபடி சுட்டுக்கொண்டே இருந்தால், நம் ஆள் பக்கவாட்டில் ஓடி மடக்கலாம். ஆனால் ஓட ஒரு ஆள் வேண்டும். என் ஆளை நானே சுட்டுவிட்டேனே! மற்றபடி, குண்டு பறக்கும் வேகம் நொடிக்கு 300 அடியைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. எந்தத் துப்பாக்கிக்கும் அதே விதிதான். ஆக, அடுத்தடுத்துச் சுடுவதால் தூரமும் கூடாது, குறியும் கூடாது. பில்தான் கூடும். பெரிய போட்டிகளிலேயே நொடிக்கு இத்தனை குண்டுதான் என்று கடிவாளம் போட்டிருக்கிறார்கள்.

இதைக் கேளுங்கள். இந்த விளையாட்டின் முதல் ஆட்டம் 1981 ஜூன் 27 அன்று, அமெரிக்காவில் ஹென்னிக்கர் என்ற ஊர்ப் பக்கத்துக் காட்டில் நடந்தது. 12 பேர். கையில் 'நெல்ஸ்பாட் 007'. மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளச் சாயம் அடிக்கிற சாதனம். ஒவ்வொரு குண்டையும் கையால் இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். காட்டுக்குள் இருந்த கொடிகளைச் சேகரித்து ஜெயித்தவர் ரிச்சி வைட் என்கிற மரத்தொழில்காரர். அவர் சுட்ட குண்டு எத்தனை தெரியுமா? பூஜ்யம்! யார் கண்ணிலும் படாமல் போய்வந்தே ஜெயித்துவிட்டார்.

ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் இத்தனையும் அப்பாவிடம் சொன்னேன். "உனக்குக் குண்டுக்கு எவ்வளவு ஆச்சு?" என்றார். சொன்னேன். வலைக்குப் புது ஈயம் வாங்கித் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்த காசு அது. பழைய வலையில் பிடுங்கிய ஈயத்தைத்தான் அவர் கோத்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

விடியற்காலை என்னையும் கூட்டிப் போனார். முழங்கால் தண்ணீரில், தோளில் வலையோடு நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். "வீசுங்கப்பா" என்றேன், மூன்று தடவை.

"சும்மா வீசினா இருக்கிறதும் ஓடிடும்டா. அப்புறம் இழுத்து, அலசி, மடிச்சுத் தோள்ல போடறதுக்குள்ள மீன் வரும். அப்ப கையில வலை இருக்காது."

டயருக்குப் பின்னால் காலி டப்பாவோடு குந்தியிருந்தது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அரைமணி கழித்துத் தண்ணீர் லேசாகச் சலசலத்தது. ஒரே வீச்சு. ஏழு மடவை.

அடுத்த ஆட்டத்துக்கு அண்ணன் அணியில் இடம் கேட்டிருக்கிறேன், குண்டு இருபது போதும் என்று. இந்த மாசச் சம்பளத்தில் அப்பாவுக்குப் புது ஈயம் வாங்கியாகிவிட்டது. மேனேஜர் மட்டும் இன்னும் எனக்கு முன்னால் நடப்பதில்லை.