கோமாளித் தொப்பியும் எட்டாக மடித்த மகுடமும்

தமிழ் நூல்களின் பதிப்பு விவரப் பக்கத்தை நான் விடாமல் வாசிப்பேன். அதில் ‘நூல் அளவு: கிரௌன் 1x8’ என்றோ ‘டெம்மி 1x8’ என்றோ ஒரு வரி இருக்கும். எட்டு விளங்கிவிடுகிறது. 15க்கு 20 அங்குலத் தாளை மூன்று முறை மடித்தால் எட்டு ஏடுகள். 5க்கு 7½ அங்குலத்தில் புத்தகம் கிடைக்கும். ஆனால் இந்தத் தாளுக்கு ‘கிரௌன்’, அதாவது மகுடம் என்று ஏன் பெயர் வந்தது? அங்கே தொடங்கியது என் தேடல்.

விடை தாளுக்குள்ளேயே இருந்தது. ஐரோப்பாவில் தாளைக் கையால் செய்த காலத்தில், கந்தல் துணியை அடித்துக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் அள்ளி நீரை வடித்தார்கள். அந்தச் சல்லடைமேல் மெல்லிய கம்பியை ஏதாவது ஓர் உருவமாக வளைத்துத் தைத்துவிடுவார்கள். கம்பி மேடிட்ட இடத்தில் கூழ் மெலிந்து படியும். காய்ந்த தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உருவம் தெரியும். இதுதான் நீர்க்குறி. இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர்த் தாள்பட்டறைகள் இதற்குப் பேர்பெற்றவை. முதலில் செய்தவர் அடையாளமாக இருந்த உருவங்களில் சில, காலப்போக்கில் குறிப்பிட்ட அளவுகளோடு ஒட்டிக்கொண்டன. மகுடம் பொறித்த தாள் கிரௌன், அஞ்சல்காரரின் ஊதுகொம்பு பொறித்தது போஸ்ட், குவளை பொறித்தது பாட். உருவம் மறைந்த பிறகும் பெயர் நின்றுவிட்டது.

நம் ஊரில் மனு எழுத வாங்கும் ஃபுல்ஸ்கேப் தாளும் இந்தக் குடும்பம்தான். ‘ஃபுல்’ என்பதை முழுத்தாள் என்றே பலரும் கொள்கிறோம். உண்மையில் ஃபுல்ஸ்கேப் என்பது அரசவைக் கோமாளியின் மணி கட்டிய தொப்பி. இதற்கு ஒரு கதையும் உலவுகிறது: சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிய பின், அரசச் சின்னத்தை நீக்கிவிட்டு இங்கிலாந்து நாடாளுமன்றத்தார் கோமாளித் தொப்பியைப் பொறிக்கச் சொன்னார்களாம். கேட்க ருசியான கதை. ஆனால் ஜெனீவாவின் ஷார்ல் மொய்ஸ் பிரிக்கே 1907இல் வெளியிட்ட நான்கு தொகுதிகளின் முன் அது நிற்காது. 1282 தொடங்கி 1600 வரையிலான பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்க்குறிகளை அவர் வரைந்து தொகுத்தார். கோமாளித் தலை அவற்றில் இருக்கிறது. மன்னர் தலை போனது 1649இல். ஒரு மனிதர் இத்தனை பழந்தாள்களைப் பொறுமையாகப் பார்த்து வைத்ததால்தான் நாம் கதையையும் காலத்தையும் பிரித்தறிய முடிகிறது. அந்த உழைப்பை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

எல்லாப் பெயரும் நீர்க்குறியிலிருந்து வந்ததல்ல. டெம்மி, பாதி என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல். ராயலும் இம்பீரியலும் இன்னும் பழையவை. இத்தாலியின் பொலோன்யா நகரில், 14ஆம் நூற்றாண்டின் பளிங்குப் பலகை ஒன்று இருக்கிறது. அவ்வூரில் தாள் செய்வோர் பின்பற்ற வேண்டிய நான்கு அளவுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செதுக்கி, பெயரும் பொறித்திருக்கிறார்கள். பேரரசுக்கும் அரசுக்கும் உரியவைபோல் இரண்டு பெயர்கள் அதில் உண்டு. அளவை மாற்றி ஏமாற்ற முடியாதபடி கல்லிலேயே வெட்டி வைத்த ஊர்!

1922இல் ஜெர்மனி ஏ வரிசைத் தாள் அளவுகளைத் தரப்படுத்தியது. நீளவாக்கில் பாதியாக வெட்ட வெட்ட அதே விகிதம் வருகிற அழகான கணக்கு அது. பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். ஃபுல்ஸ்கேப்போ 340ஐத் தாண்டும். பழைய மனுக்கள் இன்றைய கோப்பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.