பழகிய முகம்

ஹட்டனுக்கு அருகே ஒரு லயத்தில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். 1983 கலவரத்துக்குப் பின் கிளிநொச்சியில் குடியேறி, 2009இல் மகன் காணாமல் போக, தோட்டத்து உறவுகளிடமே திரும்பியவர். உங்களில் பலருக்கும் தெரிந்த கதைதான். மகனுக்கு அப்போது 19 வயது. இன்றும் பஸ் நிலையத்தில் வருவோர் போவோரை உற்றுப் பார்ப்பார்.

"முப்பது தாண்டியிருக்குமே அம்மா, இந்தப் போட்டோவில் உள்ள முகம் மாறியிருக்கும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நீங்க போட்டோவ வச்சித் தேடுறீங்க மிஸ். நான் புள்ளய வச்சித் தேடுறேன்."

பிறகு படித்துப் பார்த்தேன். அறிவியலும் அவர் பக்கம்தான். முகங்களை அறிவதற்கென்றே மூளையின் அடிப்புறத்தில் ஒரு பகுதி விசேடமாக இயங்குகிறது. கண், மூக்கு, வாய் என்று பிரிக்காமல் முழு முகமாகவே அது பார்க்கிறது. ஆனாலும் அந்நியர் முகத்தில் நாம் எல்லோரும் தடுமாறுகிறோம். 2014இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், கடவுச்சீட்டு அதிகாரிகளே வேறொருவரின் படத்தை 100க்கு 14 தடவை முன்னால் நின்றவருடையதென்று ஏற்றார்கள். பழகிய முகம் அப்படியல்ல. அழுது, சிரித்து, கோபித்து, தூங்கி என்று எத்தனையோ கோலங்களில் பார்த்திருப்பதால் மங்கலான படத்திலும் பிடிபட்டுவிடும்.

அடுத்த முறை போனபோது நான் போட்டோவைக் கேட்கவில்லை. அவன் எப்படிச் சிரிப்பான் என்று கேட்டேன். ஊற்றிய பிளேன்டீ ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.