மரக்காணம்: உப்பளத்து வெளிச்சமும் ஒரு கண் படிப்பும்

கோட்டக்குப்பத்தில் சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு வடக்கே செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால், வெயில் உறைக்குமுன் மரக்காணத்தை அடைந்துவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. வலப்புறம் சவுக்குத் தோப்புகளும் அவற்றுக்கு அப்பால் கடலும் வந்துகொண்டே இருக்கும். மரக்காணம் நெருங்க நெருங்க மரங்கள் குறைந்து, பூமி வெளுக்கத் தொடங்கும்.

இம்முறை நான் தனியே செல்லவில்லை. என் தங்கை மகளும் உடன் வந்தாள். பிளஸ் டூ தேறியிருந்தாள். கண் பரிசோதனை தொடர்பான ஆப்டோமெட்ரி படிக்க விரும்புவதாகச் சொல்லியிருந்தாள். எங்கே படிப்பது என்பதில்தான் வீட்டில் இரண்டு வாரமாக அமைதி குலைந்திருந்தது. வளைகுடாவில் பணிபுரியும் மச்சான், வீட்டுக்கு அருகிலேயே இடம் தருவதாகச் சொன்ன ஒரு தனியார் கல்லூரியை முடிவு செய்துவிட்டார். வாரக் கடைசிக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். பெண்ணுக்கோ சென்னை செல்ல ஆசை. தங்கை இரண்டு பக்கமும் பேச இயலாமல் என்னிடம் தள்ளிவிட்டாள்.

மரக்காணத்தில் என் பெரியம்மா இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, உப்பளத்தையும் சுற்றிக் காட்டி, வழியில் பேசி முடிவெடுக்கலாம் என்று அழைத்துச் சென்றேன்.

உப்பு உற்பத்தியில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்துத் தமிழகத்தில் பெயர் சொல்லப்படும் ஊர் இது. உவர்நீரை முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்துகிறார்கள். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச, அது பாத்தி பாத்தியாக இறங்கி வருகிறது. கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் 3 அல்லது 3½ பாகைதான். அது 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் தனியாகப் படிந்துவிடும். கருவி கொண்டு அளப்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே எங்களிடம் பேசிய முதிய தொழிலாளி, நீரின் நிறத்தையும் அதன் மேல் விழும் வெளிச்சத்தையும் பார்த்தே, இன்று வாரலாமா நாளை வாரலாமா என்று சொல்லிவிடுவதாகக் கூறினார். தை, மாசியில் தொடங்கும் இந்த வேலை வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கிறது. மழை இறங்கியதும் பாத்திகள் கரைந்து சேறாகிவிடும். மழைக்காலத்தில் வேலையின்றித் தவிக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது.

காலை ஒன்பது மணிக்கே கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. தலைக்கு மேலே ஒரு சூரியன், காலடியில் ஒரு சூரியன்! வாரிக் குவித்த உப்பு மலைகளுக்கிடையே பெண்கள் கூடை சுமந்து வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். தலையில் துணி சுற்றியிருந்தார்கள். அத்துணி மேலிருந்து வரும் வெயிலைத்தான் மறைக்கும். வெண்பரப்பில் பட்டுக் கீழிருந்து எழும் கதிரை அது என்ன செய்யும்? புற ஊதாக் கதிரும் காற்றும் தூசியும் ஆண்டுக்கணக்கில் தாக்கும் கண்களில், வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்கிறது. கண்புரை விரைவதற்கும் இக்கதிர் ஒரு காரணம். அந்த முதியவரின் இரு கண்களிலும் அச்சதை முக்கோணமாய் ஏறியிருந்ததை என் மருமகள்தான் எனக்குச் சுட்டிக்காட்டினாள்.

“கண்ணை யாரிடமாவது காட்டினீர்களா ஐயா?” என்று கேட்டாள்.

“உப்பு தெரியுதும்மா. அது போதும்” என்றார் அவர்.

பெரியம்மாவின் வீட்டில் நடந்தது வேறு கதை. காலைப் பசியாறியபின் அவர்கள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து மூன்று மூக்குக் கண்ணாடிகளை எடுத்து வைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் ஒரே கடையில் வாங்கியவை. கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம் என்று பலகை மாட்டிய கடை அது. தாடையை வைக்கச் சொல்லி, ஒரு பொத்தானை அழுத்தி, வந்த சீட்டைப் பார்த்துக் கண்ணாடி கொடுத்தார்களாம். பார்வை மங்குகிறது என்று மறுபடி போனால் மறுபடி ஒரு கண்ணாடி. மூன்றாவது கண்ணாடிக்குப் பின் வாசற்படி இடறி விழுந்த பிறகுதான் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். கண்நீர் அழுத்த நோய் என்று தெரிந்தது. இடக்கண்ணில் பக்கப் பார்வை முழுவதும் போயிருந்தது. இந்நோயில் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே மருந்து. நாள் தவறாமல் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார்கள்.

“அந்தப் பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை” என்றார்கள் பெரியம்மா. “அன்பாகத்தான் பேசினான். கண்ணுக்குள்ளே பார்க்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.”

என் மருமகள் எதுவும் பேசவில்லை. எனக்கு முந்திய வாரம் நினைவுக்கு வந்தது. மச்சான் முடிவு செய்திருந்த கல்லூரியை நானும் அவளும் போய்ப் பார்த்திருந்தோம். கட்டடம் புதியது, அழகானது. கண் பரிசோதனைக் கூடத்தில் கருவிகள் எல்லாம் இருந்தன, உறை போட்டு மூடியபடி. நோயாளிகள் எங்கே என்று அவள் கேட்டாள். இரண்டாம் ஆண்டிலிருந்து முகாம்களுக்கு அழைத்துச் செல்வோம் என்றார்கள். எத்தனை முகாம், எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் என்று கேட்டதற்குத் தெளிவான விடை இல்லை. விடுதி வசதியை மட்டும் விரிவாக விளக்கினார்கள்.

இங்கே வாசகர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. கண் அறுவை செய்பவர் மருத்துவம் படித்த கண் மருத்துவர். கண்ணாடி தயாரித்துப் பொருத்துபவர் ஆப்டிசியன். இவ்விருவருக்கும் இடையே, பார்வைக் குறையை அளந்து கண்ணாடி எழுதி, கண்ணின் உட்பகுதியையும் சோதித்து, நோய் தென்பட்டால் உரிய நேரத்தில் மருத்துவரிடம் அனுப்புபவரே ஆப்டோமெட்ரிஸ்ட். நம் நாட்டில் இதற்கென நான்காண்டுப் பட்டப்படிப்பு முதன்முதலாகத் தொடங்கியது சென்னையில்தான். டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978ல் நிறுவிய சங்கர நேத்ராலயாவைச் சார்ந்து 1985ல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி தோன்றியது. முதலில் பிலானி பிர்லா நிறுவனத்தோடும் பின்னர் தஞ்சை சாஸ்திரா பல்கலைக்கழகத்தோடும் இணைந்து பட்டம் வழங்கியது. எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையோ 1819ல் தொடங்கப்பட்டது. இலண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகிலேயே பழமையானது என்பர். சென்னை மருத்துவக் கல்லூரியின் ஆப்டோமெட்ரி மாணவர்களுக்கு அதுவே பாடசாலை. அரசுக் கலந்தாய்வில் இடம் கிடைத்தால் கட்டணமும் குறைவு.

மூன்றாவது வழியும் உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2003 முதல் புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்திலும் இயங்குகிறது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் தந்து, இரண்டாண்டுப் பயிற்சியளித்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக ஆக்குவது அவர்களது புகழ்பெற்ற முறை. பொருளாதாரத்தில் நலிந்த நம் குடும்பங்கள் இதை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் வருத்தம். ஆனால் அது பட்டப்படிப்பு அன்று. சொந்தமாகத் தொழில் நடத்தவோ மேற்படிப்புக்குச் செல்லவோ நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். 2021ல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்டுகளும் அடங்குகிறார்கள். பட்டம், பாடத்திட்டம், பதிவு ஆகிய யாவும் அச்சட்டத்தின் வழியே முறைப்படுகின்றன. சேரும் கல்லூரியின் அங்கீகாரத்தை எழுத்தில் கேட்டுப் பெறுவது பெற்றோர் கடமை. வளைகுடா வேலையை மனத்தில் வைத்திருப்போர், அந்தந்த நாட்டு உரிமத் தேர்வையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து, பெரியம்மா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மருமகளுக்கு இப்னு அல்ஹைதமைப் பற்றிச் சொன்னேன். பஸ்ராவில் கி.பி. 965ல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மறைந்த மேதை அவர். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் எண்ணியிருந்த கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் நிறுவினார். இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியை விட்டுச் சோதித்துப் பார்த்தவர். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பெற்று 1572ல் பேசல் நகரில் அச்சேறியது. யுனெஸ்கோ 2015ஆம் ஆண்டைப் பன்னாட்டு ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது அவரது ஆயிரமாண்டுப் பணியையும் நினைவுகூர்ந்தது. பக்தாதின் அலீ இப்னு ஈஸா கண் நோய்களுக்கென்றே தனி நூல் எழுதினார். மௌஸிலைச் சேர்ந்த அம்மார், உள்ளே துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை விவரித்தார். கண் வைத்தியருக்குக் ‘கஹ்ஹால்’ என்றே அரபியில் தனிப்பெயர் இருந்தது.

“மாமா, இப்போதும் இருட்டறைதான்” என்றாள் அவள். ரெட்டினாஸ்கோப் என்னும் கருவியால் கண்ணுக்குள் ஒளிக்கற்றையைச் செலுத்தி அசைத்தால், பாப்பாவுக்குள் தெரியும் வெளிச்சம் அசைவோடு சேர்ந்து போகிறதா எதிராகப் போகிறதா என்பதைக் கொண்டே பார்வைக் குறையை அளந்துவிடலாமாம். பேசத் தெரியாத குழந்தைக்கும் எழுத்தறியாத மூதாட்டிக்கும் இவ்வாறு கண்ணாடி எழுதலாம். ஆனால் நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்தால்தான் அது கைவரும் என்று ஒரு மூத்த மாணவி அவளிடம் சொல்லியிருந்தாளாம்.

அப்போது பெரியம்மா குறுக்கிட்டார்கள். “இருட்டறையில், முகத்துக்கு முகம் வைத்து ஓர் ஆண் பார்க்கிறானே என்று கூச்சப்பட்டே நான் ஆஸ்பத்திரிக்குப் போவதை இரண்டு வருஷம் தள்ளினேன். ஒரு பெண் பிள்ளை இருந்திருந்தால் அப்போதே போயிருப்பேன்.”

இதை மச்சானிடம் நேரில் சொல்லும்படி தொலைபேசியைப் பெரியம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் அவர்களுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. நெடுநேரம் கேட்டுவிட்டுச் செலவைப் பற்றிக் கேட்டார், பெண்கள் விடுதியைப் பற்றிக் கேட்டார், சென்னையில் உறவினர் எவர் வீடு பக்கம் என்று கேட்டார். நியாயமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் எங்களிடம் விடையில்லை. இறுதியில், முன்பணம் கட்ட வேண்டாம், கலந்தாய்வு முடியும்வரை பொறுப்போம் என்றார். எழும்பூர் முதலாவது, எலைட் இரண்டாவது, இரண்டும் தவறினால் தவளக்குப்பம் என்று அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். தனியார் கல்லூரியின் பெயரை அவள் எழுதவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

படித்து வருபவர்களுக்கு வேலை இருக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி பார்வைக் குறையுள்ளோர் குறைந்தது 220 கோடிப் பேர். அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தவிர்த்திருக்கக்கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாதது. வங்காளதேசத்துக் கிராமங்களில் வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்ற தொழிலாளரின் மாத வருமானம், பெறாதவரைவிட மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாக 2024ல் வெளியான ஆய்வு கூறுகிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கண்ணாடி அணிந்தவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கூடியதை 2018ல் மற்றோர் ஆய்வு காட்டியது. உப்பளத்தில் எவராவது இப்படி அளந்து பார்த்தால் நன்றாயிருக்கும்.

அஸருக்குப் பின் நேரம் இருந்ததால் வடக்கே கடப்பாக்கத்தை ஒட்டிய ஆலம்பரைக் கோட்டை வரை சென்றோம். முகலாயர் காலத்தில் எழுந்து, 1750ல் முஸப்பர் ஜங்கால் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அளிக்கப்பட்டு, 1760ல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை. நாணயச்சாலை இருந்த இடம். இன்று செங்கல் சுவர்களும் கழிமுகக் காற்றும் மட்டுமே. தெற்கே கழுவேலி ஏரி. 2021ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தனியே ஒருநாள் வேண்டும்.

மஃரிபுக்கு முன் ஊர் திரும்பும் பேருந்தில் ஏறினோம். விடைபெறும்போது பெரியம்மா ஒரு பொட்டலம் கல்லுப்பும், அந்த மூன்று மூக்குக் கண்ணாடிகளும் கொடுத்திருந்தார்கள். “எனக்கு உதவாதவை, நீயாவது வைத்துப் படி” என்றார்களாம். சன்னலோரம் அமர்ந்திருந்த மருமகள், ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு எட்டப் பிடித்து, தொலைவில் தெரிந்த உப்புக் குவியலை அதன் வழியே நோக்கியபடி மெல்ல இடமும் வலமும் அசைத்தாள். வில்லை குவிந்ததானால் காட்சி எதிர்த்திசையில் நகரும், குழிந்ததானால் உடன் நகரும், எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதே அதன் வலிமை என்று விளக்கினாள். முதல் கண்ணாடியில் குவியல் எதிர்த்திசையில் நகர்ந்தது. இரண்டாவதிலும் அவ்வாறே, அதே அளவு. மூன்றாவதை இருமுறை அசைத்துப் பார்த்தாள்.

“மூன்றும் ஏறத்தாழ ஒரே பவர்தான் மாமா” என்றாள்.